கட்டுப் போட்ட கையோடு ஆறு வாரம் மிருதங்கம்

போன வருடம் ஜனவரி கடைசி வாரம், மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கும்போது ஈரப்படியில் கால் வழுக்கி, விழாமல் இருக்க வலது கையை ஊன்றிவிட்டேன். மணிக்கட்டில் எலும்பு விரிசல். முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் மணிக்கட்டை அசைக்கக்கூடாது, விரல்களை மட்டும் மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் மனதுக்குள் ராமநவமிக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் முதல் வாரம் எங்கள் காலனி ராமநவமி உற்சவத்தில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு நான் பக்கவாத்தியம் வாசிப்பதாக இருந்தது. பத்து நிமிடம் தனி ஆவர்த்தனமும், அதாவது பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பகுதியும், உண்டு. சின்ன வயதில் ஏழு வருடம் கற்றுக்கொண்டு, அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று மிருதங்கம் பரண் மேல் போய், பதினெட்டு வருடம் கழித்து அதே வாத்தியாரிடம் திரும்பப் போய் உட்கார்ந்தவன் நான். மேடையில் தனி வாசிக்கப்போவது அதுதான் முதல் தடவை. கட்டுப் பிரிக்கும் நாளுக்கும் கச்சேரிக்கும் நடுவில் நான்கே வாரம் இருந்தது.

அன்று ராத்திரி வாத்தியார் சாருக்குப் போன் செய்து, வேறு யாரையாவது ஏற்பாடு செய்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கைக்குத்தானே கட்டு, வாய்க்கு இல்லையே. வழக்கம்போல சனிக்கிழமை வந்துடு" என்று வைத்துவிட்டார்.

மிருதங்கம் கற்றுக்கொண்டவர்களுக்கு இது புரியும். எங்கள் வித்தையில் எல்லாமே முதலில் வாயில்தான் வரவேண்டும். சொல்கட்டை, அதாவது ஒவ்வொரு தட்டுக்கும் உரிய 'தகதிமி' போன்ற எழுத்துகளை, தாளத்தோடு சொல்லத் தெரிந்தால்தான் வாத்தியத்தில் கை வைக்கவே விடுவார்கள். வாயில் வராதது கையில் வராது என்று சின்னப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அந்த வயதில் அதை ஒரு கட்டுப்பாடாகத்தான் எடுத்துக்கொண்டேன், சீக்கிரம் சொல்லி முடித்தால் வாசிக்க விடுவார் என்று. அதற்குள், மனதுக்குள்ளேயே வாசித்துப் பழகும் ஒரு பெரிய பயிற்சி முறையே ஒளிந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது நாற்பத்து இரண்டாவது வயதில், வலது கை கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தபோதுதான்.

சனிக்கிழமை போனேன். சார் எனக்கு எதிரில் மிருதங்கத்தை வைத்தார். இடது கையால் தாளம் போடச் சொன்னார். அது ஒரு தனி அவஸ்தை, முப்பது வருடமாக வலது கையில் போட்ட தாளம் இடது கைக்கு அந்நியமாக இருந்தது. தனியில் கடைசியாக வைத்திருந்த கோர்வையை, அதாவது கணக்குப் போட்டுக் கோத்த முடிவுச் சொல்கட்டை, ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சரியாக வந்தது. "இப்ப வாயை மூடிக்கிட்டு சொல்லு. தாளம் மட்டும் கேட்கணும். வலது கை என்ன பண்ணும்னு உள்ளே பாரு. ஒவ்வொரு விரலும்."

அந்தக் கோர்வையை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை கொண்ட சுற்று. ஒரு சுற்றுதான் ஒரு ஆவர்த்தனம், அதன் முதல் எண்ணிக்கை சமம், ஒரு எண்ணிக்கைக்கு நாலு அட்சரம், ஆறாவதிலும் எட்டாவதிலும் கையைத் திருப்பிப் போடுவது வீச்சு. கோர்வை இரண்டு ஆவர்த்தனம், சமத்தில் எடுத்துச் சமத்தில் முடியும். கீழே காற்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு அட்சரம் சும்மா இருப்பது.

தகதிமிதகஜொணு தா,,
திமிதகஜொணு தா,,
தகஜொணு தா,,
ஜொணு தா,,

முதல் வரி பதினொன்று, அடுத்தது ஒன்பது, அப்புறம் ஏழு, அப்புறம் ஐந்து. கூட்டினால் முப்பத்திரண்டு, ஒரு ஆவர்த்தனத்துக்குச் சரியாக இருக்கிறது. அதற்குப் பிறகு 'தா,, ததிகிணதொம்' என்று எட்டு அட்சரம், நடுவில் ஒரு எண்ணிக்கைக்குக் கார்வை (இடைவெளி), மறுபடி எட்டு, கார்வை, மறுபடி எட்டு. எட்டும் நாலும் எட்டும் நாலும் எட்டும் முப்பத்திரண்டு. அவ்வளவுதான், பெரிய கணக்கு எதுவும் இல்லை. இதை நான் நூறு தடவைக்கு மேல் வாசித்திருப்பேன், தப்பியதும் அபூர்வம்.

வாயை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் வரி தெளிவாக இருந்தது, விரல்கள் ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று தெரிந்தது. இரண்டாவது வரியும் அப்படியே. மூன்றாவது வரி, 'தகஜொணு தா', கொஞ்சம் கலங்கலாக வந்தது. நாலாவது வரி வரவே இல்லை. அந்த இடத்தில் மனதுக்குள் ஒரு மங்கல், பனிமூட்டம் மாதிரி, அதைத் தாண்டி நேரே 'தா,, ததிகிணதொம்' மேல் போய் நின்றிருந்தேன். தாளம் இன்னும் சமத்துக்கு வரவில்லை. நான் ஒரு எண்ணிக்கைக்கும் மேலே முந்திக்கொண்டு போய்விட்டேன்.

சார் கேட்டார், "எங்கே மங்கிச்சு?"

நான் ஒன்றும் சொல்லாமலே அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. இடது கைத் தாளத்தில் ஒரு தயக்கம் தெரிந்திருக்க வேண்டும். 'ஜொணு' இருக்கும் இடம் எது என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பதினொன்றும் ஒன்பதும் இருபது, அதாவது ஐந்து எண்ணிக்கை முடிந்து முதல் வீச்சில் 'தகஜொணு' ஆரம்பம். அதற்கு ஏழு அட்சரம். ஆகவே ஏழாவது எண்ணிக்கையின் கடைசிக் காலில் 'ஜொ' விழும், கடைசி வீச்சு நேராக 'ணு' மேல் விழும். முப்பது வருடத்துக்கு முன்னால் கற்றுக்கொண்டு, திரும்பி வந்து நான்கு வருடமாக வாசிக்கும் ஒரு கோர்வையில், கடைசி வீச்சு எந்தச் சொல்லின் மேல் விழுகிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. கை அந்த இடத்தை வேகத்தில் உருட்டித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது, முடிவில் சமத்தில் வந்து சேர்ந்துவிடுவதால் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். மானசீகமாக ஒன்றைச் செய்து பார்ப்பதால் தன்னம்பிக்கை வரும், பதற்றம் குறையும் என்றெல்லாம் சொல்வார்கள், அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு அதில் கிடைத்த பெரிய பலன், நமக்கு உண்மையில் எது தெரியாது என்று அது காட்டிக் கொடுத்துவிடுகிறது. கைப்பழக்கம் ஓட்டையை மூடி மறைத்துவிடும். மனதுக்குள் வாசிக்கும்போது மறைக்க எதுவும் இல்லை. எங்கே மங்குகிறதோ அங்கேதான் மேடையில், விளக்கு வெளிச்சத்தில், பாடகர் காலப்பிரமாணத்தைக் கொஞ்சம் ஏற்றியதும், கை தடுமாறும்.

வீட்டுக்கு வந்து இன்னொரு சோதனை செய்தேன். மெட்ரோனோமில் நிமிடத்துக்கு அறுபது வைத்தால் இரண்டு ஆவர்த்தனத்துக்குப் பதினாறு விநாடி ஆகும். மெட்ரோனோமை நிறுத்திவிட்டு, தாளமும் போடாமல், கண்ணை மூடி மனதுக்குள் மட்டும் அதே வேகத்தில் கோர்வையை வாசித்து, ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். பதின்மூன்று விநாடியில் முடிந்திருந்தது. மூன்று விநாடி காணாமல் போயிருக்கிறது என்றால் அந்த அளவுக்கு நான் வாசிக்காமல் தாண்டியிருக்கிறேன் என்று அர்த்தம். கார்வைகளையும் முழுதாகக் காத்திருக்காமல் விழுங்கியிருக்கிறேன். பிரான்சில் ஜான் டெசெட்டி, மார்க் ஜானரோ போன்றவர்கள் 1980-களின் கடைசியில் இந்த நேர விஷயத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தூரத்தை நடந்து கடக்க ஆகும் நேரமும், அதே தூரத்தை மனதுக்குள் நடந்து கடக்க ஆகும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்திருக்கிறது. அப்படியென்றால் ஸ்டாப்வாட்ச் நமக்கு ஒரு நல்ல அளவுகோல். மனதில் ஆகும் நேரமும் கையில் ஆகும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் மனது எதையோ விட்டுவிட்டது. அன்றிலிருந்து ஆறு வாரமும் ஸ்டாப்வாட்ச் இல்லாமல் நான் உட்காரவில்லை. மூன்றாவது வாரத்தில் பதினாறு விநாடிக்கு வந்தேன்.

பூசலார் நாயனார் கதையைச் சின்ன வயதில் கேட்டபோது, காசில்லாத ஒருவர் கோயில் கட்டுவதாகக் கனவு கண்டார் என்றுதான் எனக்குப் பதிந்திருந்தது. திருநின்றவூரில் அவர் செய்தது கனவு காணும் வேலையே இல்லை. நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, படிப்படியாக மேலே எழுப்பி, விமானம் வைத்து, சுதை வேலை முடித்து, கிணறு, மதில், குளம் வரைக்கும் ஒன்றையும் விடாமல், நாள்கணக்கில் மனதுக்குள் கட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் அது கேட்கும் நேரத்தைக் கொடுத்தார். கைதட்டலை நினைத்துப் பார்ப்பதற்கும் 'ணு' கடைசி வீச்சில் விழுவதை நினைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவதில் எனக்கு ஒரு பலனும் தெரியவில்லை, செய்துபார்த்திருக்கிறேன்.

அப்புறம் படிக்க ஆரம்பித்தேன். கட்டுப் போட்ட கையோடு இருக்கும் ஒருவனுக்கு அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழகத்தின் பிரையன் கிளார்க் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தால் எப்படி இருக்கும்! ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டுக்கு நான்கு வாரம் கட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வாரத்தில் ஐந்து நாள், தசையை அசைக்காமல், மணிக்கட்டை முழுப் பலத்தோடு மடக்குவதாக மனதுக்குள் செய்திருக்கிறார்கள். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் சும்மா இருந்தவர்களின் பலம் சுமார் 45 சதவீதம் குறைந்திருந்தது, மனதில் செய்தவர்களுக்குச் சுமார் 24 சதவீதம்தான் குறைந்தது. கிட்டத்தட்டப் பாதி இழப்பைத் தடுத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இன்னொன்று 1995-ல் வெளிவந்தது, எங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமானது. அல்வாரோ பாஸ்குவல்-லியோனும் அவருடைய குழுவினரும் பியானோ வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஐந்து விரலால் வாசிக்கும் ஒரு சின்னப் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு குழு தினமும் இரண்டு மணி நேரம் ஐந்து நாள் வாசித்தது. இன்னொரு குழு அதே இரண்டு மணி நேரம் பியானோ முன்னால் விரல்களை அசைக்காமல் உட்கார்ந்து மனதுக்குள் வாசித்தது. விரல்களை ஆட்டுவிக்கும் மூளைப் பகுதியைக் காந்தத் தூண்டல் மூலம் அளந்து பார்த்தபோது இரண்டு குழுவுக்குமே அது விரிந்திருந்தது. வாசிப்பில், ஐந்தாவது நாள் முடிவில், கையால் வாசித்தவர்கள்தான் மேலே இருந்தார்கள். மனதில் வாசித்தவர்கள் மற்றவர்களுடைய மூன்றாவது நாள் அளவில் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கையால் வாசிக்க ஒரே ஒரு இரண்டு மணி நேரம் கொடுத்ததும் ஐந்து நாள் வாசித்தவர்களின் அளவை எட்டிவிட்டார்கள். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி இரண்டு மணி நேரம். மனதில் சேர்ந்தது எல்லாம் கை தொட்டதும் கைக்கு வந்து சேர்ந்தது, ஆனால் கை தொட வேண்டியிருந்தது.

ஆக, ஆறு வாரம் இப்படிப் போயிற்று. காலையில் ஆறு மணிக்கு, வழக்கமாகச் சாதகம் செய்யும் அதே இடத்தில், அதே பாயில், மிருதங்கத்தை மடியில் கால் மேல் அணைத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். படுத்துக்கொண்டு செய்தால் தூங்கிவிடுகிறேன், நாற்காலியில் செய்தால் கை இருக்கும் கோணமே மாறிவிடுகிறது. உடம்பு வாசிக்கும் நிலையில் இருந்தால்தான் மனது நம்புகிறது. இடது கை தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது முகத்தில், நிஜமாகவே வாசிக்கும், ரவையைப் பிசைந்து ஒட்டி, கும்கி என்னும் குழைந்த ஒலி எல்லாம் சேர்த்து. வலது கை மனதுக்குள் வாசிக்கும். முதலில் வேடிக்கையாக இருந்தது, பாதி மிருதங்கம் கேட்கும், மறுபாதி எனக்கு மட்டும் கேட்கும். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இருபது நிமிடத்துக்கு மேல் செய்யவில்லை, அதற்கு மேல் போனால் கவனம் நழுவி, சொல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், விரல் காணாமல் போய்விடும். டிரிஸ்கெல், காப்பர், மோரன் என்ற மூவர் 1994-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியதிலும் இருபது நிமிடம் அளவில்தான் நல்ல பலன் என்று இருக்கிறது. அதே கட்டுரை, கையால் செய்யும் பயிற்சிக்கு இது ஈடு ஆகாது என்றும், நாளாக ஆகப் பலன் கரைந்துவிடும் என்றும் சொல்கிறது.

எனக்குக் கண்ணை மூடினால் பெரிதாகப் படம் எல்லாம் வராது. சிலருக்குச் சுத்தமாக எதுவும் தெரிவதில்லை, 2015-ல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் நிபுணரும் உடன் பணியாற்றியவர்களும் அதற்கு 'அஃபான்டேசியா' என்றே பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்டவர்கள், நமக்கு இது சரிப்படாது என்று ஒதுங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வந்தது எல்லாம் காதும் விரல் நுனியும்தான். சொல்கட்டு காதுக்குள் கேட்கும், கூடவே ஆள்காட்டி விரல் மீட்டில் (வலது முகத்தின் விளிம்புத் தோலில்) படும் உணர்வு, மோதிர விரல் சாதத்தின் (நடுவில் இருக்கும் கரும்பூச்சின்) ஓரத்தில் லேசாக உட்கார்ந்திருக்கும் உணர்வு, சாதத்தின் அந்த வழுவழுப்பும் சொரசொரப்பும் கலந்த தன்மை. இது போதும். சொல்லப்போனால் சொல்கட்டு என்பது மனதுக்குள் வாசிப்பதற்கென்றே யாரோ கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. பல வித்தைகளில் அசைவுக்குச் சொல் கிடையாது, எங்களுக்கு ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எழுத்து இருக்கிறது.

ஆபீஸ் போகும்போதும் செய்தேன். குரோம்பேட்டையில் ஏறி எழும்பூர் வரை ரயிலில், உட்கார இடம் கிடைத்தால் இடது தொடையில் விரலால் தாளம். பழவந்தாங்கல் வருவதற்குள் கோர்வைக்கு முன்னால் வரும் மோரா, கோர்வை எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். இங்கே ஒரு தவறும் செய்தேன், சொல்லிவிடுகிறேன். 'ஜொணு'வில் தப்பக்கூடாது, தப்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அந்த இடத்துக்கு வருவேன், ஒவ்வொரு தடவையும் அங்கேயே தப்பும். மனதுக்குள் தப்பியதையே திரும்பத் திரும்ப வாசித்து, தப்புவதற்கே சாதகம் செய்துகொண்டிருந்தேன். சாரிடம் சொன்னபோது, தப்பினால் அங்கேயே நிறுத்து, பாதி வேகத்தில் அந்த ஒரு வரியை மட்டும் சரியாக வாசி, அப்புறம் முழுசாக எடு என்றார். 'தப்பக்கூடாது' என்பதற்குப் பதிலாக 'ணு வீச்சில்' என்று மட்டும் சொல்லிக்கொள்ளச் சொன்னார். நாலைந்து நாளில் அந்தப் பனிமூட்டம் விலகியது. ஒரு நாள் காலை, கிண்டி தாண்டும்போது, கடைசி வீச்சும் 'ணு'வும் ஒன்றாக விழுந்தது கையில் வாசித்த மாதிரியே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சத்தமாகவே 'ஆங்' என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் இரண்டாம் வாரம் கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, யாருடைய கையோ மாதிரி இருந்தது. டாக்டர் பத்து நாள் மெதுவாகப் பயிற்சி கொடுத்து, பிறகு வாசிக்கலாம் என்றார், ஒரே நாளில் பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது என்று கண்டிப்பு. பதினோராவது நாள் காலை மிருதங்கத்தைச் சுருதி சேர்த்து வைத்துவிட்டு முதல் 'நம்' வாசித்தேன்.

நாதமே இல்லை. மரப்பலகையைத் தட்டிய மாதிரி ஒரு மொட்டைச் சத்தம். மணிக்கட்டு இறுக்கமாக இருந்தது, மோதிர விரல் தேவைக்கு மேல் அழுத்தியது, ஆள்காட்டி விரல் தட்டிவிட்டு மேலே எழும்பாமல் தோலிலேயே ஒட்டிக்கொண்டது. ஆறு வாரம் காதுக்குள் கேட்ட 'நம்' எப்படிக் கணீரென்று இருந்தது! ஆனால் அந்தக் கணீர் காதில் இருந்ததால்தான் ஒரு உதவி கிடைத்தது. எது குறைகிறது என்று உடனே தெரிந்தது. அந்தப் பத்து நிமிடமும் 'நம்' மட்டும்தான். வாசிப்பேன், கேட்பேன், கையை எடுத்துவிட்டு மனதுக்குள் ஒரு சரியான 'நம்' வாசிப்பேன், உடனே கையால் ஒன்று. மனதில் ஒன்று, கையில் ஒன்று. நாற்பதாவதோ ஐம்பதாவதோ ஒரு 'நம்', பாதிதான், ஆனால் வால் நீண்டு ஒலித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

நாதம், மணிக்கட்டின் இளக்கம், விரல் நுனித் தோலின் உரம், அரை மணி நேரம் சர்வலகு (சீரான ஓட்ட நடை) வாசித்தாலும் தோள் சோராத பலம், இவை எதுவும் மனதுக்குள் வராது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தோலும் கையும் சந்தித்தால்தான் வரும். கணக்கு, வரிசை, இடம், வேகம், அடுத்து என்ன என்ற தெளிவு, இவை மனதில் வரும், சில சமயம் கையைவிட நன்றாகவே வரும். எனக்கு இரண்டாவது எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்ததால், மிச்சமிருந்த இரண்டரை வாரத்தையும் முதலாவதுக்கே கொடுக்க முடிந்தது. கோர்வையைக் கையால் முதலில் வாசித்த நாள், மூன்றாவது முயற்சியிலேயே சமத்தில் வந்து உட்கார்ந்தது. நாதம் மட்டமாக இருந்தது, கணக்கு பிசகவில்லை.

கச்சேரியில் ஒரு விஷயம் நடந்தது. மோராவுக்குள் நுழையும்போது எனக்கு முன்னால் இருந்த மைக் திடீரென்று செத்துப்போனது. என் வலந்தலை (வலது முகம்) சத்தமே எனக்குப் பாதிதான் கேட்டது, பந்தலில் பிள்ளைகள் சத்தம் வேறு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, கடைசி நீளத்தில் சுவரே தெரியாமல் போன கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பயிற்சியாளர் பாப் பௌமன் சின்ன வயதிலிருந்தே அவரைத் தினமும் போட்டியை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வைத்திருக்கிறார். அன்று அவர் கையை எத்தனை தடவை வீச வேண்டும் என்று எண்ணிக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு சுவரைத் தொட்டார். நான் அவரோடு ஒப்பிட்டுக்கொள்ளவில்லை, ஆனால் அந்தப் பந்தலில் எனக்குப் புரிந்தது அந்த எண்ணிக்கைதான். ஆறு வாரம் சத்தமே இல்லாமல் வாசித்தவனுக்குச் சத்தம் பாதி போனது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பதினொன்று, ஒன்பது, ஏழு, ஐந்து. பாடகர் கையில் கடைசி வீச்சு போனபோது என் விரலில் 'ணு' இருந்தது. மூன்றாவது 'ததிகிணதொம்' முடிந்து அவர் பல்லவியை எடுத்தார். முன்வரிசையில் சார் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கையைத் திருப்பி, ஒரே ஒரு தடவை விரலை மேலே தூக்கினார். அவ்வளவுதான் அவர் பாராட்டு. எனக்குப் போதுமானது.

இதையெல்லாம் வீட்டில் நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததில் என் தங்கைக்கும் பிடித்துக்கொண்டது. அவள் டூவீலர் லைசென்ஸுக்கு எட்டு போட வேண்டியிருந்தது. இரண்டாவது வளைவில் ஒவ்வொரு தடவையும் காலை ஊன்றிவிடுவாள். காலையில் கிரவுண்டில் அரை மணி நேரம் வண்டியில் பழகிவிட்டு வந்து, சாயங்காலம் ஹாலில் நாற்காலியில் வண்டியில் உட்காருவது போல உட்கார்ந்து, கைகளை ஹேண்டில்பாரில் வைப்பது போல வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எட்டு போடுவாள். எங்கே மங்குகிறது என்று கேட்டேன். வளைவுக்குள் போகும்போது எங்கே பார்க்கிறேன் என்றே தெரியவில்லை அண்ணா, முன்சக்கரத்தைத்தான் பார்க்கிறேன் போல இருக்கு என்றாள். அடுத்த நாள் கிரவுண்டில் சக்கரத்தைப் பார்க்காமல், வளைவு முடியும் இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். கால் கீழே படவில்லை. அதையே ஹாலில் நாலு நாள் ஓட்டினாள். டெஸ்டில் முதல் தடவையே பாஸ்.

கை நன்றாக ஆன பிறகும் நான் இதை விடவில்லை. பத்து நிமிடம் கையால் வாசிப்பேன், கையைத் தொடையில் வைத்துக்கொண்டு அதையே ஒரு தடவை உள்ளுக்குள், அப்புறம் உடனே மறுபடி கையால். பழைய முறையில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் வாசித்ததைவிட இதில் நாற்பது நிமிடத்தில் அதிகம் நிற்கிறது. அபார்ட்மெண்டில் இருப்பதால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாசிக்க முடியாது, அந்த நேரமும் இப்போது வீணாவதில்லை. புதுப்பாடம் வந்த வாரத்தில் மட்டும் இதைச் செய்வதில்லை. கையால் ஒரு தடவையாவது சரியாக வாசிக்காத ஒன்றை மனதுக்குள் வாசித்தால் நானாக எதையோ கற்பனை செய்துகொண்டு அதையே பழகிவிடுகிறேன். முதலில் சார் முன்னால் கை, அப்புறம் மனது, அப்புறம் மறுபடி கை.

இப்போது ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் ஒரு கோர்வை போய்க்கொண்டிருக்கிறது. மூன்று வாரம் ஆகிறது, கையில் நன்றாகவே ஓடுகிறது, நேற்று சார்கூடத் தலையாட்டினார். இன்று காலை ரயிலில் உள்ளுக்குள் வாசித்துப் பார்த்தேன். சைதாப்பேட்டை வரும்போது மூன்றாவது வரியில், இரண்டாவது 'தகிட' முடிந்து கார்வை தொடங்கும் இடத்தில், மங்கலாக இருந்தது. போனில் குறித்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை முதலில் அந்த இடத்தைத்தான் எடுக்க வேண்டும், பாதி வேகத்தில்.